பூம்-பேப் போனதோடு ஹிப்ஹாப்பும் போச்சா?

வினைல்பித்தன்:

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கிக் என்ற கனத்த டிரம் 'பூம்' என்றும் ஸ்னேர் என்ற கூர்மையான டிரம் 'பேப்' என்றும் அடிக்கும் பழைய நியூயார்க் பாணிதான் பூம்-பேப். ஹிப்ஹாப்பின் உச்சம் 1987-இல் தொடங்கி 1996 வாக்கில் முடிந்துவிட்டது. அதற்குப் பின் நல்ல பாட்டே வரவில்லை என்று சொல்லவில்லை. வளர்ச்சி இல்லை என்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் வந்த ரன்-டிஎம்சியைக் கேளுங்கள். இயைபு வரியின் கடைசிச் சொல்லில்தான் விழும், அதையும் இரண்டு பேர் சேர்ந்து கத்துவார்கள். 1987-இல் எரிக் பி. அண்ட் ரக்கிம் இரட்டையரின் 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பம் வருகிறது. ரக்கிம் கத்துவதே இல்லை. இயைபை வரியின் நடுவில் ஒளித்து வைக்கிறார். ஒரு வரியில் தொடங்கிய வாக்கியம் அடுத்த வரியின் பாதியில் முடிகிறது. சாக்சஃபோன் வாசித்தவர், கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர், எங்கே மூச்சு விடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்து ஏழே வருடத்தில் நாஸின் 'இல்மேட்டிக்'. மொத்த ஆல்பமும் நாற்பது நிமிடம்கூட இல்லை, குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு முழுக்க அதற்குள் இருக்கிறது. ஒரு பாட்டின் பெரும்பகுதி சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதம். அப்போது நாஸுக்கு வயது இருபது.

இப்போது என்ன இருக்கிறது? 'டகட டகட டகட' என்று மூன்று மூன்றாக உருளும் சொற்கள், இடைவிடாமல் பொரியும் ஹை-ஹேட் தாளத்தட்டு, எல்லாக் குரலுக்கும் சுருதி திருத்தும் ஆட்டோ-ட்யூன் மென்பொருளின் ஒரே பூச்சு. இந்தப் பாணிக்குப் பெயர் ட்ராப். 2003-இல் அட்லாண்டா ராப்பர் டி.ஐ. 'ட்ராப் மியூசிக்' ஆல்பம் போட்டதிலிருந்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு வந்த ஒரே ஒரு முன்னேற்றத்தை யாராவது காட்டுங்கள்.

எட்டுநூற்றெட்டு:

அண்ணே, ரக்கிம் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் பொற்காலக் கதையில் பேனா மட்டும்தான் வருகிறது. மெஷினையும் காணோம், வக்கீலையும் காணோம்.

ஈ-மு கம்பெனியின் எஸ்பி-1200 சாம்ப்ளர், அதாவது பழைய ரெக்கார்டின் துணுக்கை (சாம்பிள்) பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் மெஷின், வந்ததும் அதே 1987-இல்தான். அதில் மொத்தம் பத்து விநாடிதான் சாம்பிள் எடுக்க முடியும். அந்தப் பத்துக்குள் டிரம், பேஸ், ஹார்ன் எல்லாம் அடங்கவேண்டும். பையன்கள் என்ன செய்தார்கள்? 33 வேகத்தில் ஓடவேண்டிய எல்பியை 45-இல் ஓட்டிப் பதிவு செய்தார்கள், நேரம் மிச்சமாயிற்று. பிறகு மெஷினுக்குள் வேகத்தைக் குறைத்துச் சுருதியை இறக்கினார்கள். 12-பிட் மெஷினில் அப்படி இழுத்தால் சத்தம் பிசிறடிக்கும். 'அந்தக் காலத்து அழுக்கு டிரம்' என்று நீங்கள் உருகுவது இந்தப் பிசிறுக்குத்தான். மெமரி பற்றவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

அடுத்து வக்கீல். 1988-இல் பப்ளிக் எனிமி, 1989-இல் டி லா சோல், பீஸ்டி பாய்ஸ் எல்லாரும் கண்ட ரெக்கார்டிலிருந்தும் துணுக்குகளைப் பிய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 1991 டிசம்பரில் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் ராப்பர் பிஸ் மார்க்கி மாட்டிக்கொண்டார். கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டிலிருந்து அனுமதி வாங்காமல் எடுத்தார் என்று வழக்கு. நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பை ஆரம்பித்ததே 'களவு செய்யாதே' என்ற பைபிள் கட்டளையோடு. அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் அனுமதி இல்லாத துணுக்கைத் தொடப் பயந்தது. ஒரே பாட்டில் பத்து இடத்திலிருந்து எடுத்தால் பத்து பேருக்கும் பங்கு, பாடியவனுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஒரு வருடம் கழித்து, 1992 டிசம்பரில் டாக்டர் ட்ரேயின் 'த க்ரானிக்'. சாம்பிளே இல்லாத ஆல்பம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய ஃபங்க் பாட்டுகளை வாத்தியக்காரர்களை வைத்துத் திரும்ப வாசித்த இடங்கள் அதில் நிறைய. அப்படி வாசித்தால் பாட்டை எழுதியவருக்குக் கொடுத்தால் போதும், ரெக்கார்டிங்கை வைத்திருக்கும் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டாம். அந்த மெதுவான, பளிச்சென்ற, மேலே சின்த் (மின்னணு கீபோர்டு) ஒன்று விசிலடித்துக்கொண்டே போகிற ஜி-ஃபங்க் சத்தத்தில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. உங்கள் பொற்காலத்தைக் கொன்றது ட்ராப் இல்லை அண்ணே. ட்ராப் வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்து பன்னிரண்டு வருடம்.

வினைல்பித்தன்:

கேட்க நன்றாக இருக்கிறது, தேதிதான் உதைக்கிறது. தீர்ப்பு 1991-இல். 'இல்மேட்டிக்' 1994-இல். வூ-டேங் க்ளானின் முதல் ஆல்பமும் ட்ரைப் கால்ட் குவெஸ்ட்டின் 'மிட்நைட் மராடர்ஸ்' ஆல்பமும் ஒரே நாளில், 1993 நவம்பர் 9 அன்று வந்தன. கோர்ட் கழுத்தை நெரித்திருந்தால் இவை எப்படி வந்தன? பீட் தயாரிப்பாளர் டிஜே ப்ரீமியர் என்ன செய்தார் பாருங்கள். நீளமாக எடுப்பதை விட்டுவிட்டு, அரை விநாடித் துணுக்குகளாக நறுக்கி, சொந்தக்காரனே அடையாளம் காண முடியாதபடி மாற்றி அடுக்கினார். நெருக்கடி வந்தால் கலைஞன் இப்படித்தான் தப்பிப்பான்.

இன்றைக்கு லேப்டாப்பில் எல்லையில்லாத மெமரி. பத்து விநாடிக்காரன் செய்ததில் பாதியையாவது செய்தார்களா? பேனாவுக்கு எந்த நீதிபதியின் அனுமதியும் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பீட் ஏன் மாறியது என்று சொன்னீர்கள். வரி ஏன் மெலிந்தது என்று சொல்லவில்லை.

ஸ்காபரோ பொடியன்:

அண்ணை, நீங்கள் கதைக்கிறது முழுக்க நியூயோர்க் கதை.

1995 ஆகஸ்டில நியூயோர்க்கில 'த சோர்ஸ்' சஞ்சிகையின்ர விருது விழா. அற்லாண்டாவில இருந்து வந்த அவுட்காஸ்ட் எண்ட குழுவுக்குப் புதுமுகக் குழு விருது குடுக்கினம். சனம் கூ அடிச்சுது. குழுவின்ர ஆந்த்ரே மைக்கைப் பிடிச்சு, தெற்கிட்டயும் (அமெரிக்காவின்ர தென் மாநிலங்களிட்டயும்) சொல்ல விசயம் இருக்கு எண்டு சொல்லிப்போட்டு இறங்கினவர். 1998-இல அவையின்ர 'அக்வெமினை' ஆல்பம் வந்தது. அதுக்கு அதே சஞ்சிகை அஞ்சு மைக், அவையின்ர ஆகக் கூடின மார்க். உங்கட கணக்கில கடை 1996-ஓட பூட்டியாச்சு!

தெற்கில பாட்டு கேக்கிறது காருக்குள்ள. நியூயோர்க்கில சப்வே, காதில ஹெட்ஃபோன். ஹெட்ஃபோனில சொல் சொல்லா விளங்கும். டிக்கி முழுக்க ஸ்பீக்கர் வைச்சுக் கேக்கேக்க நெஞ்சில இடிக்கிறது பேஸ்தான். மயாமிக்காரர் 808 எண்ட டிரம் மெஷினின்ர கிக்கை அதுக்காகத்தான் இழுத்து நீட்டினவை. ரோலண்ட் கம்பனி அந்த மெஷினை 1980-இல விட்டு 1983-இலயே நிப்பாட்டிப்போட்டுது, உண்மையான டிரம் போல இல்லை எண்டு ஆக்கள் வாங்கேல்லை. செக்கண்ட் ஹாண்டில மலிவாக் கிடைச்சபடியாத்தான் பொடியளின்ர கையுக்கு வந்தது.

ஹூஸ்டனில டிஜே ஸ்க்ரூ பாட்டின்ர வேகத்தையே குறைச்சார். ஒரு சொல்லை வெட்டி ரெண்டாந்தரமும் விழுத்துவார். குரல் தடிச்சு, சேத்துக்குள்ள நடக்கிறது போல இருக்கும். கசெட்டில பதிஞ்சு தன்ர வீட்டிலயே வைச்சு வித்தவர். 2000-இல செத்துப்போனார். எங்கட ரொறொன்ரோ ட்ரேக்கை உலகத்துக்குக் காட்டின 2009 மிக்ஸ்டேப்பில ஸ்க்ரூவின்ர சத்தம் அப்பிடியே கிடக்கு.

இல்லை, வரிதான் வேணும் எண்டால் ஹூஸ்டன் ஸ்கார்ஃபேஸின்ர 'த டயறி'யைக் கேளுங்கோ. அதுவும் 1994.

தாளக்காரி:

'டகட டகட' என்று கேலி செய்தவருக்கு ஒரு விளக்கம். அது திஸ்ர நடை, ஐயா. டிரம் நாலு நாலாகப் போய்க்கொண்டிருக்கும்போது பாடுகிறவர் அதே அடியை மூன்றாகப் பிரிக்கிறார். இரண்டும் உரசும்போதுதான் அந்த உருளல் கிடைக்கிறது. மீகோஸ் குழுவின் 'வெர்சாச்சி' 2013-இல் வந்தபோது எல்லாரும் புதிது என்றார்கள். 1995-இல் மெம்ஃபிஸ் த்ரீ சிக்ஸ் மாஃபியாவில் லார்ட் இன்ஃபமஸ் அதையே செய்துவைத்திருக்கிறார். க்ளீவ்லாந்தில் போன் தக்ஸ்-என்-ஹார்மனியும் அந்த வருடங்களில்தான். அதாவது உங்கள் பொற்காலத்துக்கு உள்ளேயே.

ட்ரில் என்ற ராப் வகையின் லண்டன் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் மேசையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக, தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, ஆக எட்டு. ஹை-ஹேட் இந்தக் கணக்கில் ஓடுகிறது. ஸ்னேர் முதல் சுற்றில் மூன்றாம் அடியில் விழுகிறது, அடுத்த சுற்றில் நாலாம் அடிக்குத் தள்ளிப்போகிறது. காது எதிர்பார்த்த இடம் காலியாக இருக்கும். கீழே 808 பேஸ் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். பூம்-பேப்பில் ஸ்னேர் இரண்டிலும் நாலிலும் அசையாமல் நிற்கும். எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் 'ஒரே இடத்தில் சுற்றுகிறோம்' என்பதைத் தட்டிப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

இன்னொன்று. இத்தனை பெயர் அடுக்கினீர்கள், ஒரு பெண்கூட வரவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் நடந்த, ஹிப்ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் விருந்தை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பெல். பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்பதற்காக நுழைவுக் கட்டணம் வைத்தார். ரெக்கார்டு போட்டது அவர் அண்ணன் கூல் ஹெர்க். முதல் ஹிட் ரெக்கார்டை வெளியிட்ட ஷுகர் ஹில் கம்பெனியை நடத்தியவர் சில்வியா ராபின்சன். 1997-இல் மிஸ்ஸி எலியட்டும் டிம்பலேண்டும் வர்ஜீனியாவிலிருந்து வந்தார்களே, திக்கித் திக்கிப் போகும் அந்த டிரம்மை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? அது பூம்-பேப்பும் இல்லை, ட்ராப்பும் இல்லை. 1996-இல் கோடு போட்டால் மிஸ்ஸி வெளியே போய்விடுகிறார். கோட்டைத்தான் மாற்றவேண்டும்.

வினைல்பித்தன்:

அம்மா, தாளத்தில் உங்களோடு போட்டி போட நான் தயாரில்லை. 'வெர்சாச்சி'யில் தாளம் இருக்கிறது, சரி. அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

1982-க்கு முன் ராப் என்றால் கொண்டாட்டம்தான். கையைத் தூக்கு, ஆடு, என்னைப் போல் எவனும் இல்லை. அந்த வருடம் 'த மெசேஜ்' பாட்டு வந்தது. உடைந்த கண்ணாடி, கரப்பான், கடன் வசூலிப்பவர்களின் ஃபோன் என்று பிராங்க்ஸின் நிலைமை முதல்முறையாகப் பெரிய ஹிட்டாக ரேடியோவில் ஒலித்தது. அதைத்தான் முன்னேற்றம் என்கிறேன். சொல்லக்கூடிய விஷயத்தின் எல்லை விரிந்தது. ட்ராப் எந்த எல்லையை விரித்தது? போதைப்பொருள் விற்ற கதையை வூ-டேங் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள், இன்னும் நன்றாக.

எட்டுநூற்றெட்டு:

'த மெசேஜ்' நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கே எதிரான உதாரணம். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃப்யூரியஸ் ஃபைவ் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஃப்ளாஷ் அந்தப் பாட்டில் இல்லவே இல்லை. குழுவுக்கே பிடிக்கவில்லை, பார்ட்டியில் யார் இதைக் கேட்பார்கள் என்று தயங்கினார்கள். ஷுகர் ஹில் கம்பெனியின் வாத்தியக்காரர் ட்யூக் பூட்டி எழுதியது, குழுவிலிருந்து மெலி மெல் மட்டும் சேர்ந்தார், சில்வியா ராபின்சன் பிடிவாதமாக வெளியிட்டார். அன்றைக்கு டேஸ்ட் உள்ளவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த ரெக்கார்டே வந்திருக்காது.

1979 'ராப்பர்ஸ் டிலைட்' கதை இன்னும் மோசம். பிராங்க்ஸ்காரர்களுக்கு அது ஹிப்ஹாப்பே இல்லை, எவனோ நியூஜெர்சியில் திரட்டிய மூன்று பேர். அந்த மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க் பாடும் வரிகள் பிராங்க்ஸ் ராப்பர் கிராண்ட்மாஸ்டர் கேஸுடையவை. 'காசனோவா' என்று கேஸ் தன் பட்டப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு, அதைக்கூட மாற்றாமல் அப்படியே பாடி வைத்தார்! அந்தப் பாட்டிலிருந்துதான் ஊர் உலகத்துக்கு ராப் தெரிந்தது. 'சுத்தம்' என்பது ஆரம்பத்திலேயே கிடையாது.

நீங்கள் கேட்ட முன்னேற்றத்துக்கு வருகிறேன். 2008, கான்யே வெஸ்ட்டின் '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்'. தாய் இறந்து ஒரு வருடம், நிச்சயித்த கல்யாணமும் முறிந்திருந்தது. ராப் செய்வதை ஏறக்குறைய விட்டுவிட்டு ஆட்டோ-ட்யூனில் பாடினார், அதுவும் சுமாரான குரலில். சுருதியைத் திருத்த 1997-இல் வந்த மென்பொருள் அது. இங்கே குரல் உடைவதைக் காட்ட அதைப் பயன்படுத்தினார். அதற்குமுன் ராப்பர் அழுதால் கதை சொல்லி அழவேண்டும். பிறகு வந்த ராப்பர் ஃப்யூச்சரிடம் பாதிச் சொல் புரியாது, குரலே நொந்துபோய் இருக்கும். ராப்புக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் போனது. நீங்கள் கேட்ட எல்லை விரிவு இதுதான், வரியில் இல்லை, தொண்டையில்.

வினைல்பித்தன்:

அடுத்த வருடமே ஜே-ஸி ஆட்டோ-ட்யூனுக்குச் சாவு அறிவித்துப் பாட்டுப் போட்டார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புரியாத சொல்லை உணர்ச்சி என்று நான் ஏற்பதாக இல்லை. பாதி தூக்கத்தில் முனகினால் எனக்கும் குரல் நொந்துதான் இருக்கும்.

ட்ரில்லைப் புகழ்கிறவர்களிடம் இன்னொரு கேள்வி. என்.டபிள்யூ.ஏ. குழுவினர் 1988-இல் போலீஸ் அடிப்பதைப் பற்றிப் பாடினார்கள், அது செய்தி. ட்ரில்லில் எதிர்க் கும்பலில் செத்தவனின் பெயரைச் சொல்லி நையாண்டி செய்கிறார்கள். தாளத்தைத் தட்டிக் காட்டிவிட்டு இதைத் தாண்டிப் போக முடியுமா?

ஸ்காபரோ பொடியன்:

தாண்டிப் போகேல்லை அண்ணை. அந்தப் பாட்டுகளில சிலதை எனக்குக் கேக்கவே ஏலாது. ஆனா 1989-இல எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருத்தர் என்.டபிள்யூ.ஏ.-யின்ர கம்பனிக்குக் கடிதம் எழுதினவர், வன்முறையைத் தூண்டுற பாட்டு எண்டு. நீங்கள் இண்டைக்குச் செய்தி எண்டு சொல்லுறதை அவை அண்டைக்குத் தூண்டுதல் எண்டவை. 2019-இல லண்டனில ஸ்கெங்டோ, ஏ.எம். எண்ட ரெண்டு பேருக்கு ஒரு பாட்டை மேடையில பாடினதுக்காக, ஒத்திவைச்ச சிறைத்தண்டனை குடுத்தவை. பாட்டுக்கு!

ட்ரில் போன பாதையைப் பாருங்கோ. 2012-இல சிக்காகோவில சீஃப் கீஃப், பதினாறு வயசு, வீட்டுக் காவலில இருந்துகொண்டு வீடியோ எடுத்துப் போட்டு உலகம் முழுக்கப் போனவர். அது லண்டன் பிரிக்ஸ்டனுக்குப் போகேக்க, 'க்ரைம்' (grime, குற்றம் இல்லை, லண்டனின்ர சொந்த ராப் வகை) இசையில ஊறின பொடியள் தாளத்தை மாத்தினவை. தாளக்காரி அக்கா தட்டிக் காட்டினது அந்த லண்டன் வடிவம். புரூக்ளினில பாப் ஸ்மோக் யூடியூபில தேடி லண்டன் 808மெலோவின்ர பீட்டை எடுத்து 2019-இல 'வெல்கம் டு த பார்ட்டி' போட்டவர். அடுத்த பெப்ரவரியில ஆளைச் சுட்டுப்போட்டாங்கள், இருபது வயசு. நியூயோர்க் தன்ர சத்தத்தையே லண்டனில இருந்து இறக்குமதி செய்த கதை இது. உங்கட காலத்தில இது நடக்குமே?

சாம்பிள் செத்துப்போச்சு எண்டும் சொல்லாதேங்கோ. எங்கட மாயா, எம்.ஐ.ஏ., 2007-இல த க்ளாஷின்ர பாட்டை எடுத்து 'பேப்பர் ப்ளேன்ஸ்' செய்தவ. அடுத்த வருசம் டி.ஐ., கான்யே, ஜே-ஸி, லில் வெய்ன் நாலு பேரும் சேர்ந்து அவவின்ர குரலை வெட்டித் தங்கட பாட்டில போட்டவை. ஈழத்துப் பிள்ளையின்ர குரல் அற்லாண்டாக்காரன்ர ஆல்பத்தில.

எட்டுநூற்றெட்டு:

வினைல் அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்றில் அவர் பக்கம் நிற்கிறேன். ஸ்ட்ரீமிங். ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கணக்கில் ஏறும். அதனால் முன்னுரை கிடையாது, எடுத்த எடுப்பிலேயே ஹுக், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி வரி. மூன்றாவது சரணம் காணாமல் போனது. பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிகிறது. ஆல்பத்தில் மட்டும் இருபது பாட்டுக்கு மேல், எண்ணிக்கை கூடினால் ஸ்ட்ரீம் கூடும் என்று. பத்து விநாடி மெமரி ஒரு ஸ்டைலைப் பெற்றது, முப்பது விநாடிக் கணக்கு இன்னொன்றைப் பெற்றிருக்கிறது. இரண்டாவது குழந்தை எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வினைல்பித்தன்:

மூன்றாவது சரணம் போனதற்கு நீங்களும் வருந்துகிறீர்கள் என்றால் பாதி வழி வந்துவிட்டீர்கள். கதைக்குத் திருப்பம் அங்கேதான் வரும்.

என்னைப் பழையதையே கட்டிக்கொண்டு அழுகிறவன் என்று நினைக்கவேண்டாம். பஃபலோ நகரத்து கிரிசெல்டா ராப்பர்களின் ரெக்கார்டுகளை வாங்கிக் கேட்கிறேன். ராக் மார்சியானோ 2010-இல் போட்ட 'மார்க்பெர்க்' என் அலமாரியில் இருக்கிறது. அவர் பிறகு போன வழியில் பல பாட்டில் டிரம்மே கிடையாது, ஒரு பழைய சோல் துணுக்கு சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே குரல் மட்டும். சொல் ஒவ்வொன்றும் காதில் விழும்.

தாளக்காரி:

டிரம்மே இல்லாத ராப். 2010-க்குப் பிறகு. நீங்கள் கேட்ட முன்னேற்றம் உங்கள் அலமாரியிலேயே இருந்திருக்கிறதே!

வினைல்பித்தன்:

அது விதிவிலக்கு. எத்தனை பேர் கேட்கிறார்கள்? ராப்பர் கென்ட்ரிக் லமார் 2018-இல் புலிட்சர் விருது வாங்கியதையும் அடுத்து இழுப்பீர்கள், அவரும் விதிவிலக்கு.

எட்டுநூற்றெட்டு:

விதிவிலக்கு லிஸ்ட் நீண்டுகொண்டே போகிறது அண்ணே. 1988-இலும் ரேடியோவில் அதிகம் ஓடியது ரக்கிம் இல்லையே. அன்றைக்கு அலமாரியை வைத்து மார்க் போடுகிறீர்கள், இன்றைக்கு சார்ட்டை வைத்து.

தாளக்காரி:

வினைல் ஐயா பதில் எழுதுவதற்குள் ஒரு சின்ன விஷயம். மெம்ஃபிஸ் டேப்களை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டார்கள். த்ரீ சிக்ஸ் மாஃபியாவின் 'மிஸ்டிக் ஸ்டைல்ஸ்', 1995. ஒலிப்பதிவு மங்கலாகத்தான் இருக்கும், கருவியைக் குறை சொல்லவேண்டாம். லார்ட் இன்ஃபமஸ் வரும் இடங்களில் கையால் நாலு தட்டிக்கொண்டே கேளுங்கள்.

ஸ்காபரோ பொடியன்:

காருக்குள்ள கேளுங்கோ. ஃபோன் ஸ்பீக்கரில கேட்டுப்போட்டு இஞ்ச வந்து சண்டை பிடிக்காதேங்கோ.